பிடித்த எழுத்தாளரின் மிகுபுனைவு நாவல் ஏமாற்றம் தந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதியவர் பெயரை மட்டும் நம்பி ஒரு நாவலைக் கையில் எடுத்து, பாதி வழியில் மனம் சோர்ந்துபோன வாசகர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபேண்டஸி என்று பலரும் சொல்லும் வகையையே மிகுபுனைவு என்று குறிப்பிடுகிறேன். நம் உலகில் நடக்க இயலாதவை இயல்பாக நடக்கும் கதைகள் அவை.

புத்தகம் உண்மையிலேயே மோசமா, அல்லது நான்தான் அளவுக்கு மீறி எதிர்பார்த்துவிட்டேனா?

பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நாவலைப் பற்றி மனத்தில் எழும் குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் சில, "முந்தைய நாவலில் இருந்ததுபோல் இதில் இல்லை" என்ற தொனியில் அமைந்திருக்கும். அவை உங்கள் எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை. வேறு சில, "முதற்பகுதியில் சொன்னதற்கும் முடிவில் நடப்பதற்கும் பொருத்தமில்லை" என்பது போல, அந்தப் புத்தகத்தை மட்டுமே படித்த ஒருவராலும் சொல்லக்கூடியவையாக இருக்கும். அவையே புத்தகத்தின் குறைகள்.

பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய ஒரு நாவலுக்கு நான் இப்படிப் பட்டியல் போட்டபோது பதினொரு குறைகள் தேறின. அவற்றில் ஏழு என்னுடையவை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் மீதமிருந்த நான்கும் எந்தச் சமாதானத்துக்கும் கட்டுப்படாத குறைகள். எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது என்பதற்காகப் புத்தகத்தின் பிழைகள் இல்லாமல் போய்விடுவதில்லை; "நீ அதிகம் எதிர்பார்த்துவிட்டாய்" என்று சொல்லி வாசகரின் வாயை அடைப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மற்ற நாவல்களைவிட மிகுபுனைவு நாவல் ஏமாற்றும்போது கசப்பு ஏன் கூடுதலாக இருக்கிறது?

அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டும் நடப்பியல் நாவல் ஓரிடத்தில் சறுக்கினாலும் அதைத் தாங்கிக்கொள்ள வெளியுலகம் இருக்கிறது. மழையையும் தெருவையும் பசியையும் வாசகர் முன்பே அறிந்திருப்பதால், எழுத்தாளர் விட்டுவிட்டதை அவரே நிரப்பிக்கொள்கிறார். மிகுபுனைவில் நிலவு எத்தனை என்பதைக்கூட எழுத்தாளர்தான் சொல்ல வேண்டும்; அவர் சொல்லில் ஐயம் வந்துவிட்டால் வாசகர் சாய்ந்துகொள்ள வேறு சுவர் கிடையாது.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939-ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் இதைத் தெளிவாக விளக்கினார். அவநம்பிக்கையை வாசகர் தாமாக முன்வந்து ஒதுக்கி வைக்கிறார் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல் எழுதியிருந்த கருத்து அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. நல்ல கதைக்குள் இருக்கும்போது வாசகர் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை, எழுத்தாளர் படைத்த அந்த இரண்டாம் உலகின் விதிகளின்படி அங்கே நடப்பவற்றை உண்மையாகவே நம்புகிறார். ஐயம் எழும் கணத்தில் மயக்கம் கலைந்து அவர் வெளியே வந்துவிடுகிறார் என்பது டோல்கீனின் வாதம். முயன்று நம்ப வேண்டிய நிலை வந்துவிட்டால் கதை ஏற்கனவே தோற்றுவிட்டது என்று பொருள். பிடித்த எழுத்தாளரின் நாவலை "இன்னும் ஐம்பது பக்கம் பார்ப்போம், சரியாகிவிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இதைவிடப் பழைய விளக்கம் ஒன்றும் நம் கையில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து தோன்றும் என்கிறது. இதில் ஆக்கம் என்பதற்கு ஒன்று திரிந்து மற்றொன்றாவது என்று பொருள் கொள்வர். மிகுபுனைவு முழுக்க முழுக்க மருட்கையை நம்பிப் பிழைக்கும் வகை. ஒரு எழுத்தாளரின் முதல் நாவலில் புதுமை தானாகவே கிடைத்துவிடுகிறது. அடுத்த நாவலில் அது பாதியாகக் குறைந்திருக்கும், ஏனெனில் அவருடைய கற்பனை எப்படி நகரும் என்பது இப்போது நமக்குத் தெரியும். அந்த இழப்பை ஈடுகட்டப் பலரும் பெருமையின் பக்கம் சாய்கிறார்கள்: படைகள் பெரிதாகின்றன, தீயசக்தி ஒரு நாட்டுக்குப் பதிலாகப் பிரபஞ்சத்தையே அழிக்கக் கிளம்புகிறது, புத்தகமும் தலையணை அளவுக்குத் தடித்துவிடுகிறது. என் அனுபவத்தில், ஒரு நீண்ட தொடரைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பவை மற்ற இரண்டுமே. விரல்நுனி அளவேயான ஒரு மாயப்பொருளும், நாம் அறிந்த ஒருவர் மெல்ல மெல்ல வேறொருவராக மாறுவதும் தரும் வியப்பை ஆயிரம் போர்யானைகள் தருவதில்லை.

எனக்குப் பிடித்தவர் என்பதாலேயே ஏமாற்றம் வர வாய்ப்பு கூடுகிறதா?

கூடுகிறது, அதற்குக் கணக்கே இருக்கிறது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருந்தாலும் பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை என்பதை ஆங்கில அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். உச்சத்தில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடர்ந்தால் அடுத்தது பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும் என்ற இந்தப் போக்கு, அளக்கக்கூடிய பலவற்றிலும் தென்படுகிறது. நாம் ஒருவரைப் பிடித்த எழுத்தாளராகத் தேர்ந்தெடுப்பது அவருடைய மிகச் சிறந்த நூலைப் படித்த பிறகுதான். அவருடைய நடுத்தரமான நூலை முதலில் படித்திருந்தால் அவர் நமக்குப் பிடித்தவராகவே ஆகியிருக்க மாட்டார். ஆகவே அடுத்து நாம் படிப்பது முதலில் படித்ததைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதே இயல்பு. அவருடைய திறமை குன்றிவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

புத்தகத்தின் உண்மையான குறையை எங்கே தேடுவது?

முதலில் விதிகளில் தேடுங்கள். மாயத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்கும் உரிமை, அந்த மாயத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அந்த அளவுக்கே எழுத்தாளருக்கு உண்டு என்ற கருத்தை மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு கட்டுரையில் தம்முடைய முதல் விதியாக முன்வைத்தார். மாயம் விளக்கப்படாமல் புதிராகவே இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்படிப் புதிராக விடப்பட்ட மாயம் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வந்து நாயகனைக் காப்பாற்றினால், அதுவரை அவன் பட்ட பாடெல்லாம் வீண் என்று வாசகருக்குத் தோன்றிவிடும். இதே காரணத்தால்தான் இறந்தவர்கள் திரும்பி வரும் கதைகள் விரைவில் சலிக்கின்றன. ஒருமுறை ஒருவர் உயிர்த்தெழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த மரணத்துக்கும் வாசகர் கண் கலங்குவதில்லை. "பார்ப்போம், வருவார்" என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்.

அடுத்ததாக, விலையைப் பாருங்கள். மந்திரம் செய்பவர் அதற்காக எதை இழக்கிறார்? களைப்பாகவோ நினைவாகவோ ஆயுளாகவோ ஏதோ ஒன்று கழிய வேண்டும். முற்பகுதியில் கறாராக வசூலிக்கப்பட்ட இந்த விலை, கதையை முடிக்கும் அவசரத்தில் தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பல பெரிய நாவல்கள் குப்புற விழுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, உரையாடல். தான் உருவாக்கிய உலகின் வரலாறு முழுவதையும் சொல்லிவிடும் ஆசை எழுத்தாளருக்கு வந்துவிட்டால், பாத்திரங்கள் ஏற்கனவே அறிந்தவற்றையே ஒருவருக்கொருவர் விளக்கத் தொடங்குவார்கள். "நீ அறிவாய் அல்லவா, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர்கள்..." என்று ஒருவர் ஆரம்பித்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.

வரைபடம், விசித்திரமான பெயர்கள், பிற்சேர்க்கைகள் ஆகியவற்றை நான் பெரிய குறைகளாக எண்ணுவதில்லை. அவை கதையின் உடை மட்டுமே.

இதுவரை வேறு வகையில் எழுதிவந்தவர் திடீரென்று மிகுபுனைவுக்கு வந்துவிட்டார். இதை எப்படிப் படிப்பது?

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் மிகவும் பொருந்தும். திகில் கதைகளால் பெயர்பெற்ற ஸ்டீபன் கிங், தம்முடைய திகில் எழுத்தில் நாட்டமில்லாத மகளுக்காக எழுதிய 'தி ஐஸ் ஆஃப் தி டிராகன்' 1987-இல் பொதுப் பதிப்பாக வந்தபோது, அரசர்களும் இளவரசர்களும் மந்திரவாதியும் நிறைந்த அந்தக் கதையை அவருடைய வாசகர்களில் ஒரு சாரார் ஏற்கவில்லை. அது திகிலாக இல்லை என்பதே அவர்களுடைய முதன்மையான குறை. தீவிர வாசகி ஒருத்தி எழுத்தாளரைச் சிறைப்பிடித்துத் தனக்குப் பிடித்தபடி எழுத வைக்கும் 'மிசரி' நாவலும் அதே ஆண்டில்தான் வெளியாயிற்று. வாசகர்களின் அந்த மறுப்பும் அதற்கு ஒரு தூண்டுதல் என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவின் கதை வேறு வகை. முந்தைய நாவலுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2015-இல், அவர் 'தி பரீட் ஜயன்ட்' நாவலை வெளியிட்டார். ஆர்தர் மன்னரின் காலத்துக்குப் பிந்தைய பிரிட்டனில், ஒரு டிராகனின் மூச்சால் எழும் மூடுபனி மக்களின் நினைவுகளை அழித்துவிட, முதிய தம்பதியர் இருவர் தங்கள் மகனைத் தேடிப் புறப்படுகிறார்கள். வாசகர்கள் இதை மிகுபுனைவு என்று சொல்லிவிடுவார்களோ என்று இஷிகுரோ ஒரு பேட்டியில் தயங்கிப் பேச, அதை இந்த வகையை இழிவாகப் பார்க்கும் பேச்சாகக் கருதி மிகுபுனைவு எழுத்தாளர் அர்சுலா லெ குவின் கடுமையாக எதிர்வினையாற்றினார். தாம் டிராகன்களின் பக்கமே நிற்பதாக இஷிகுரோ பதிலளித்தார். லெ குவினும் பின்னர் தம் அவசரத்துக்கு வருந்தினார். இந்த நாவலில் ஏமாந்தவர்களிலும் இரு சாரார் உண்டு. நுட்பமான நடப்பியலை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் டிராகன் இருந்தது குறை. டிராகனை எதிர்பார்த்தவர்களுக்கு அது பெரும்பாலும் உறங்கியே கிடந்தது குறை.

இப்படி வகை மாறி எழுதப்பட்ட நூலை, அதே எழுத்தாளரின் பழைய நூல்களோடு ஒப்பிடாமல், அந்த வகையில் நீங்கள் படித்த மற்ற நூல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்ப்பு சில சமயம் மென்மையாகும். சில சமயம் இன்னும் கடுமையாகும்.

தொடரின் நடுவில் ஒரு நூல் மட்டும் நகரவே மறுக்கிறது. தொடரையே விட்டுவிடலாமா?

நடுநூலின் தேக்கத்துக்குப் பெரும்பாலும் கட்டுமானக் காரணம் ஒன்று இருக்கும். பாத்திரங்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவரையும் கதையில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே பக்கங்கள் செலவாகிவிடுகின்றன. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய 'வீல் ஆஃப் டைம்' தொடரின் பத்தாவது நூல் 2003-இல் வந்தது. அதன் பெரும்பகுதி, முந்தைய நூலின் இறுதியில் நடந்த ஒரு பெருநிகழ்வு நடந்துகொண்டிருந்த அதே வேளையில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்வதிலேயே கழிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த வாசகர்கள் அதை எளிதில் மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த நூல் மீண்டும் வேகம் பிடித்தது. 2007-இல் ஜோர்டன் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் எழுதிய மூன்று நூல்களோடு 2013-இல் தொடர் நிறைவடைந்தது. பத்தாவது நூலில் நின்றுவிட்டவர்கள் அந்த முடிவைப் பார்க்கவில்லை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம்முடைய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் அளவு மீறிப் பெருத்துவிட்ட கதையைக் காலவாரியாகப் பிரிக்காமல் பாத்திரங்களின் அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். அதனால் 2005-இல் வந்த நான்காம் நூலில் வாசகர்கள் மிகவும் நேசித்த சிலர் தலைகாட்டவே இல்லை; அவர்களைச் சந்திக்க 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நான்காம் நூலை இப்போது படிப்பவர்கள் அன்றைய வாசகர்கள் அளவுக்குச் சினம் கொள்வதில்லை, ஏனெனில் அடுத்தது கையருகே இருக்கிறது. காத்திருப்பும் ஒரு நூலின் மீதான தீர்ப்பில் கலந்துவிடுகிறது. ஆகவே, முற்றுப்பெற்ற தொடராக இருந்தால் இன்னும் ஒரு நூல் வரை பொறுத்துப் பார்க்கலாம். முற்றுப்பெறாததாக இருந்தால் இப்போதைக்கு நிறுத்திவைப்பதில் எந்த இழப்பும் இல்லை.

நான் நேசித்த பாத்திரத்தை எழுத்தாளரே உருத்தெரியாமல் மாற்றிவிட்டார். இது துரோகம் இல்லையா?

துரோகம் என்ற சொல்லை எடுப்பதற்கு முன் லெ குவினின் 'எர்த்ஸீ' கதைகளை எண்ணிப் பாருங்கள். 1968-க்கும் 1972-க்கும் இடையில் வெளிவந்த மூன்று நூல்களில் மாபெரும் மந்திரவாதியாக வளரும் கெட், மூன்றாவது நூலின் முடிவில் தன் ஆற்றலை முற்றாகச் செலவழித்துவிடுகிறான். 1990-இல் வந்த நான்காவது நூலான 'டெஹானு' அங்கிருந்து தொடங்குகிறது. அதில் அவன் ஆற்றல் எதுவும் இல்லாத சாதாரண மனிதன். கதையின் மையத்தில் நிற்பவள் நடுவயதுக் கைம்பெண்ணான தேனார். கடல்களும் டிராகன்களும் சாகசமும் வேண்டி வந்தவர்களுக்கு ஆடு மேய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் கிடைத்தன. பலர் மனம் நொந்தார்கள். அதே நூல் அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான, அறிபுனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் நெபுலா விருதையும் பெற்றது.

முதன்முறை படித்தபோது எனக்கும் அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகுதான், இழந்த ஆற்றல் திரும்பி வந்திருந்தால் மூன்றாம் நூலில் அவன் செய்த தியாகம் பொய்யாகியிருக்கும் என்பது உறைத்தது. பாத்திரம் மாறியிருப்பது குறையாகாது. மாறியதற்கான காரணம் கதைக்குள் இல்லாவிட்டால் அது குறை. நேற்று வரை கூர்மதியோடு திட்டமிட்ட ஒருத்தி, கதைப்போக்குக்கு வசதியாக இன்று முட்டாளாகிவிட்டால், அங்கே நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பாதியில் மூடி வைத்துவிடலாமா?

தாராளமாக. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் நூலை முடிக்காமல் விடுவதும் அவற்றில் அடங்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பாதியில் நிறுத்திய நூலின் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை.

மொழிபெயர்ப்பில் படித்தேன். பழி யார்மீது?

மிகுபுனைவை மொழிபெயர்ப்பது மிகக் கடினமான வேலை, ஏனெனில் அதில் பாதிச் சொற்கள் எழுத்தாளரே புனைந்தவை. மூலத்தில் ஒரு பெயரைக் கேட்டவுடன் மனத்தில் எழும் பழமையின் வாடையும் அச்சமும், அந்தப் பெயர் ஒலிபெயர்ப்பாக மட்டும் வரும்போது காணாமல் போய்விடும்; பொருளை மொழிபெயர்த்தாலோ சில சமயம் நகைப்புக்கு இடமாகிவிடும். உங்களுக்குச் சலிப்பூட்டியது வாக்கியமா, நிகழ்வா என்று பாருங்கள். வாக்கியங்கள் தடுக்கினால் மொழிபெயர்ப்பை ஐயப்படலாம். நிகழ்வுகள் நம்பும்படி இல்லையென்றால் அது மூலத்திலிருந்தே வந்தது.

எல்லோரும் புகழும் நூல் எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. வெளியே சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டியதில்லை, பிடிக்காத இடத்தைச் சுட்டிச் சொன்னால் போதும். "ஏமாற்றிவிட்டார்" என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. "முற்பகுதியில் மந்திரம் செய்தவர் பார்வையை இழந்தார், இறுதியில் அதே மந்திரத்தை நாயகி மூன்று முறை செய்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதினால், நூலைப் புகழ்ந்தவரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் சோம்பிவிட்டார், பணத்துக்காக எழுதினார் என்பன போன்ற ஊகங்களை விட்டுவிடுங்கள். ஒருவர் எந்த மனநிலையில் எழுதினார் என்பது பக்கங்களில் தெரிவதில்லை.

இதற்குப் பிறகு அவருடைய பழைய நூல்களும் எனக்குப் பிடிக்காமல் போய்விடுமா?

அந்த அச்சத்தோடுதான் நான், மேலே சொன்ன பதினொரு குறை நாவலை முடித்த சில மாதங்களுக்குப் பிறகு, அதே எழுத்தாளரின் முதல் நாவலை மறுபடி எடுத்தேன். புதிய நாவலில் என்னை வதைத்த குறைகளில் இரண்டு அதிலேயே சிறு அளவில் இருந்தன. வசதியான நேரத்தில் நினைவுக்கு வரும் ஒரு தீர்க்கதரிசனமும், எல்லாம் அறிந்த கிழவர் ஒருவரின் மூன்று பக்க விளக்கமும் அவை. பதினாறு வயதில் படித்தபோது அவற்றை நான் கவனித்திருக்கவே இல்லை. இம்முறை கவனித்தேன், சிரித்துக்கொண்டேன், அந்தக் கிழவரின் பேச்சைத் தாண்டியும் சென்றேன். ஆனால் நாயகி தன் பெயரை ஆற்றுக்கு விலையாகக் கொடுத்துவிட்டு அக்கரையில் யாரும் அழைக்க முடியாதவளாக நிற்கும் இடம் வந்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.